1.5 லிட்டர் பெட்ரோல் எஸ்யூவி மலை ஏத்தத்துக்கு போதுமா? அஞ்சு பேர் + லக்கேஜ், குன்னூர் ரூட்

கரூர்காரன்:
வணக்கம் மக்களே. வீட்ல இருக்கற பழைய 1.2 ஹேட்ச்பேக்கை குடுத்துட்டு சின்ன எஸ்யூவி எடுக்கலாம்னு இருக்கோம். மனைவிக்கு ஊரு குன்னூர், அதனால காங்கேயம், அவிநாசி, மேட்டுப்பாளையம் வழியா மலை ஏறுறது எங்களுக்கு அடிக்கடி உள்ள வேலை. நான், மனைவி, ரெண்டு பசங்க, அம்மா, போகும்போது அரிசி மூட்டை வரைக்கும் டிக்கில ஏறும். இப்ப இருக்கற வண்டி பர்லியாறு தாண்டினா திணற ஆரம்பிச்சிடுது, முன்னாடி ஒரு லாரி மாட்டிக்கிச்சுன்னா ஏசியை ஆஃப் பண்ணி செகண்ட்ல உருட்டிக்கிட்டே போகணும்.

பிரெஸ்ஸா 1.5 ஆட்டோமேட்டிக் ஓட்டிப் பார்த்தேன், டவுனுக்குள்ள அருமையா இருக்கு. பவர் 103 பிஎஸ், டார்க் (எஞ்சின் சுத்துற விசை) 137 என்எம்னு போட்டிருக்கான். ஆனா ஆபீஸ்ல எல்லாரும் "டர்போ இல்லாத எஸ்யூவிய மலைக்கு எடுக்காத, காசை வேஸ்ட் பண்ணாத"ன்னு பயமுறுத்துறாங்க (டர்போன்னா காத்தை அமுக்கி எஞ்சினுக்குள்ள தள்ளுற சாதனம்). நெக்ஸான் டீசல், 3எக்ஸ்ஓ டர்போ பெட்ரோல் ரெண்டும் லிஸ்ட்ல இருக்கு. தினமும் ஆபீஸ் போக வர 4 கிமீதான். மலைல ஓட்டி அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

டீசல்பிரியன்:
கண்ணை மூடிக்கிட்டு டீசல் எடுங்க. நெக்ஸான் டீசல் 260 என்எம், 3எக்ஸ்ஓ டீசல் 300 என்எம், ரெண்டுமே 1500 ஆர்பிஎம்லயே (எஞ்சின் ஒரு நிமிஷத்துக்கு சுத்துற சுத்து) முழு டார்க் வந்துடும். ஏத்தத்துல தேர்டுல போட்டுட்டு காலை வச்சா போதும் அதுபாட்டுக்கு இழுத்துக்கிட்டு போகும். 137 என்எம் வச்சிக்கிட்டு அஞ்சு பேரோட குன்னூர் ஏறணும்னா எஞ்சின் அலறுற சத்தத்தை மேல போற வரைக்கும் கேட்டுக்கிட்டே போகணும்.

ரோடுராஜா:
இந்த மாதிரி பேசிப் பேசியே புதுசா வண்டி எடுக்கறவங்களை குழப்பி விடுறோம். மாருதி 800ல 40 பிஎஸ் கூட கிடையாது, அந்த வண்டில குடும்பம் குடும்பமா ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடுன்னு ஏறி இறங்கின தலைமுறை நாம. 103 பிஎஸ் பத்தலன்னா என்ன அர்த்தம்?

டீசல்பிரியன்:
ஏறலாம் ஜி, யாரு இல்லன்னா. அவரு கேக்குறது ஏறுமான்னு இல்ல, நிம்மதியா ஏறுமான்னு. 800 காலத்துல ரோட்ல இருந்த வண்டி எவ்ளோ, இப்ப மே மாசம் மேட்டுப்பாளையத்துல நிக்கிற வண்டி எவ்ளோ. லாரிய ஓவர்டேக் பண்ண கெடைக்கிற இடமே கொஞ்சம், அந்த நேரத்துல வண்டி பாயலைன்னா எதுக்க பஸ் வந்துடும்.

பிஸ்டன்_வாத்தி:
ரெண்டு பேரு சொல்றதும் சரிதான், ஆனா ஏன்னு கணக்கு போட்டா கரூர்காரருக்கு தெளிவாயிடும்னு நெனைக்கிறேன், கொஞ்சம் நீளமா எழுதுறேன் பொறுத்துக்கங்க.

பிரெஸ்ஸா ஆட்டோமேட்டிக்ல அஞ்சு பேரு, சாமான் எல்லாம் சேர்த்து சுமார் 1,600 கிலோன்னு வச்சிக்கங்க. 100 மீட்டருக்கு 7 மீட்டர் ஏறுற செங்குத்தான இடத்துல 40 கிமீ வேகத்துல போறீங்க. வண்டிய மேல தூக்கறதுக்கு மட்டும் 12 கிலோவாட் சொச்சம், டயர் உருள்றது காத்து எல்லாம் சேர்த்து 15 கிலோவாட், அதாவது 20 பிஎஸ். கியர்பாக்ஸ்ல போற இழப்பையும் சேர்த்தா 22ன்னு வைங்க. அவ்ளோதான் தேவை. அதனாலதான் 800 ஏறுச்சு, அதனாலதான் உங்க பழைய வண்டியும் ஏறுது.

அப்போ ஏன் திணறுது? 103 பிஎஸ்ங்கிறது 6000 ஆர்பிஎம்ல கெடைக்கிறது. நாம யாரு மலைல 6000ல ஓட்டுறோம்? 2000 ஆர்பிஎம்ல அந்த எஞ்சின் சுமாரா 120 என்எம் குடுக்குதுன்னு வச்சிக்கிட்டா 34 பிஎஸ்தான் வருது. இதுல இன்னொன்னு, மேல போகப் போக காத்து லேசாகும். ஊட்டி 2,240 மீட்டர், அங்க காத்தோட அடர்த்தி கடல் மட்டத்தை விட ஏறக்குறைய 20 சதவீதம் கம்மி. டர்போ இல்லாத எஞ்சின் உறிஞ்சுற காத்து எவ்ளோ குறையுதோ அவ்ளோ பவர் குறையும். 34ங்கிறது 27 ஆயிடும். தேவை 22, கைல 27. மிச்சம் 5. அந்த அஞ்சை வச்சித்தான் நீங்க லாரிய தாண்டணும், ஏசி ஓட்டணும். ஏசி கம்ப்ரஸரே சில பிஎஸ் திங்கும், அதான் ஏசி ஆஃப் பண்ணா வண்டி லேசான மாதிரி தெரியறதுக்கு காரணம்.

இதே எஞ்சின் இதே இடத்துல 4000 ஆர்பிஎம்ல ஓடினா? 135 என்எம்னா 77 பிஎஸ், அதுல 20 சதவீதம் போனா 61. தேவை போக மிச்சம் கிட்டத்தட்ட 40 பிஎஸ். ஒரே வண்டி, ஒரே ரோடு, கியர் மட்டும் ஒண்ணு ரெண்டு கீழ.

டீசல்பிரியன் சொல்ற நெக்ஸான் டீசல் 2000 ஆர்பிஎம்லயே 74 பிஎஸ் குடுக்கும், 260 என்எம்ங்கிறதோட அர்த்தம் அதான். மொத்த பவர் பார்த்தா 115க்கும் 103க்கும் பெரிய வித்தியாசம் இல்ல. ஆனா நாம சாதாரணமா ஓட்டுற ஆர்பிஎம்ல ரெண்டு மடங்கு. நெக்ஸான் டர்போ பெட்ரோல் 170 என்எம், அதே 2000ல 48 பிஎஸ், நடுவுல நிக்குது.

அதனால 1.5 சாதா பெட்ரோல் தாராளமா போதும், எஞ்சினை சுத்த விடுறதுக்கு மனசு இருந்தா. 2000ல வச்சே மலை ஏறணும்னு நெனைக்கிறவங்களுக்கு அது எப்பவும் பத்தாது.

கரூர்காரன்:
வாத்தியாரே, இப்பத்தான் புரியுது ஏன் என் வண்டி தேர்டுல செத்துப்போயி செகண்ட் போட்டா உயிர் வருதுன்னு. ஆனா 4000ல ஓட்டினா எஞ்சின் கெட்டுப்போகாதா? அம்மா பின்னாடி உக்காந்துக்கிட்டு "ஏன்டா வண்டிய இப்டி அலற விடுற"ன்னு திட்டுவாங்க.

பிஸ்டன்_வாத்தி:
கெடாது சார். பிரெஸ்ஸாவுக்கு டார்க் உச்சமே 4400ல வருது, அதுக்குன்னே செஞ்சது. கெடுக்கறது எதுன்னா டாப் கியர்ல 1300ல வச்சிக்கிட்டு ஆக்ஸிலேட்டரை தரையோட அமுக்குறது, எஞ்சின் தடதடன்னு அடிக்கும் பாருங்க, அதுதான் கெடுதல். கூலன்ட் சரியா இருக்கணும், ரேடியேட்டர் ஃபேன் வேலை செய்யணும், ஆயில் லெவல் பார்க்கணும். அம்மாகிட்ட சத்தம்தான் பலம்னு சொல்லுங்க.

கொடைரோடு_88:
நான் 1.0 டர்போ பெட்ரோல் வச்சிருக்கேன், 120 பிஎஸ் 172 என்எம். வத்தலக்குண்டுல இருந்து கொடைக்கானல் நெறைய தடவை போயிருக்கேன். ஒரு விஷயம் யாரும் சொல்லல. டர்போ வண்டி நேர் ஏத்தத்துல சூப்பர், ஆனா கொண்டை ஊசில வேகம் செத்துப் போயி திரும்பும்போது ஆர்பிஎம் 1300க்கு கீழ விழுந்துடுச்சுன்னா டர்போ தூங்கிடும், கால் வச்சாலும் ஒரு நொடி ரெண்டு நொடி ஒண்ணுமே நடக்காது, அப்புறம் திடீர்னு பாயும். பழகாதவங்க அந்த நேரத்துல ஆக்ஸிலேட்டரை இன்னும் அமுக்கிடுவாங்க. வளைவுக்கு முன்னாடியே ஃபர்ஸ்டோ செகண்டோ போட்டுட்டு நொழைஞ்சா பிரச்சினை இல்ல. டர்போவா இருந்தாலும் கியர் வேலை கியர் வேலைதான்.

நல்ல விஷயம் என்னன்னா வாத்தியார் சொன்ன 20 சதவீதம் இதுல அவ்வளவா அடிக்காது, டர்போ காத்தை அமுக்கி உள்ள தள்ளிடுது, ஊட்டி கொடைக்கானல் உயரத்துக்கு வித்தியாசமே தெரியாதுன்னு சொல்லலாம்.

இமயம்போனவன்:
உயரம்னு பேச்சு வந்ததால சொல்றேன். 1.5 சாதா பெட்ரோல் மேனுவல்ல நண்பர்களோட மணாலி - லே ரூட் போனோம். 2020ல அடல் டனல் தெறந்ததுக்கு அப்புறம் ரோத்தாங் ஏற வேண்டியதில்ல, 9 கிமீ டனல்ல அந்தப் பக்கம் போயிடலாம், ஆனா பாரலாச்சா, தங்லாங் லா கணவாய் எல்லாம் ஏறியே ஆகணும். தங்லாங் லா 5,300 மீட்டருக்கு மேல, அங்க காத்தோட அடர்த்தி 40 சதவீதத்துக்கு மேல கொறஞ்சிடும், வண்டில 103 பிஎஸ் இருந்தா மேல 60தான் மிஞ்சும். ஃபர்ஸ்ட் செகண்ட் ரெண்டுலயே ஓட்டினோம். ஆனா ஏறிச்சு. வழில எங்கயும் நிக்கல. பழைய கார்புரேட்டர் வண்டியா இருந்தா பெட்ரோல் அதிகமாகி கரும்புகை தள்ளும், இப்ப ஃப்யூவல் இன்ஜெக்ஷன் காத்துக்கு ஏத்த மாதிரி பெட்ரோலை கொறச்சிக்கும், அதனால பவர் மட்டும்தான் போகும்.

வண்டியை விட நம்ம உடம்புக்குத்தான் கஷ்டம் அங்க. அத வேற இழைல பேசலாம்.

நீலமலைவாசி:
நான் கோத்தகிரி. டூரிஸ்ட் வண்டி ஓட்டித்தான் பொழப்பு. படிச்சுக்கிட்டே வந்தேன், எல்லாரும் ஏறுறதைப் பத்தியே பேசுறீங்க தம்பிங்களா, ஒருத்தராவது இறங்குறதைப் பத்தி பேசுனீங்களா?

ஏத்தத்துல பவர் பத்தலன்னா என்ன ஆகும், மெதுவா போவ, பின்னாடி நாலு பேரு ஹாரன் அடிப்பான், அவ்ளோதான். இறக்கத்துல பிரேக் பத்தலன்னா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. குன்னூர் ரோட்டுலயும் கோத்தகிரி ரோட்டுலயும் சீசன் நேரத்துல கீழ இறங்குற வெளியூர் வண்டிங்க சக்கரத்துல புகை வர நிக்கிறத எவ்வளவோ பாக்குறோம். எல்லாம் நல்ல வண்டி, புது வண்டி, 150 பிஎஸ் 200 பிஎஸ் வண்டிங்க. ஆட்டோமேட்டிக் கியரை 'டி'லயே (டிரைவ்) போட்டுக்கிட்டு பிரேக்லயே கால வச்சிக்கிட்டு இறங்குறது. பிரேக் வாடை வந்தாலும் அது என்னன்னு தெரியாது, முன்னாடி போற லாரின்னு நெனைச்சுக்குவாங்க.

எங்க ஊர்ல சொல்றது என்னன்னா எந்த கியர்ல ஏறுனியோ அந்த கியர்ல இறங்கு. செகண்ட்ல ஏறுன இடத்தை செகண்ட்லதான் இறங்கணும். எஞ்சினே வண்டிய புடிச்சுக்கும். பிரேக்கை வளைவுக்கு முன்னாடி அழுத்தமா ஒரு தடவை புடிச்சு விடணும், தேய்ச்சுக்கிட்டே வரக்கூடாது. நியூட்ரல்ல உருட்டி பெட்ரோல் மிச்சம் பண்றேன்னு சொல்றவன் வண்டில ஏறவே ஏறாதீங்க.

பிஸ்டன்_வாத்தி:
அண்ணே, பெரிய விஷயத்தை சொல்லிட்டீங்க. கணக்கும் அதையேதான் சொல்லுது. ஊட்டில இருந்து மேட்டுப்பாளையம் 1,900 மீட்டர் இறக்கம். 1,600 கிலோ வண்டி அவ்ளோ உயரம் இறங்கும்போது வெளிய வர்ற ஆற்றல் சுமார் 8 யூனிட் கரண்டுக்கு சமம். ஏறும்போது எஞ்சின் குடுத்தது இறங்கும்போது எங்கயாவது போகணும். கியர்ல வரலைன்னா பெரும்பகுதி நாலு பிரேக்ல சூடாத்தான் போகும்.

பிரேக் ஆயிலும் பாருங்க. டாட் 4 ரக ஆயில் புதுசா இருக்கும்போது கொதிநிலை கொறஞ்சது 230 டிகிரி, ஈரம் உறிஞ்சிடுச்சுன்னா 155 வரைக்கும் எறங்கிடும். கொதிச்சா உள்ள ஆவி வந்துடும், பெடல் மெத்துன்னு உள்ள போயிடும், பிரேக் பிடிக்காது. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்துங்கன்னு சொல்றது இதுக்குத்தான், சர்வீஸ்ல கேட்டு வாங்கி மாத்துங்க.

நியூட்ரல்ல பெட்ரோல் மிச்சம்ங்கிறதும் பொய். கியர்ல இருந்துக்கிட்டு ஆக்ஸிலேட்டரை விட்டா இப்ப வர்ற எஞ்சின் பெட்ரோலையே நிறுத்திடும், சக்கரம்தான் எஞ்சினை சுத்தும். நியூட்ரல் போட்டா ஐடிலிங்குக்கு பெட்ரோல் குடிக்கும். எஞ்சினையே ஆஃப் பண்ணிட்டு இறங்குறவங்களுக்கு பிரேக் பூஸ்டர் வேக்குவமும் போயிடும், பவர் ஸ்டியரிங்கும் போயிடும்.

ஹைப்ரிட்_கோவை:
நான் ஸ்ட்ராங் ஹைப்ரிட் (பெட்ரோல் எஞ்சினும் கரண்ட் மோட்டாரும் சேர்ந்து ஓட்டுற வண்டி) வச்சிருக்கேன், அதுல பேட்டரி 1 யூனிட் கூட கிடையாது, 0.76தான். வாத்தியார் சொன்ன 8 யூனிட்டை வச்சி யோசிச்சா, இறங்க ஆரம்பிச்சு கொஞ்ச நேரத்துலயே பேட்டரி ஃபுல் ஆயிடும், அப்புறம் அது வண்டிய புடிக்காது. கியர் லிவர்ல இருக்கற பி மோட்ல போட்டா எஞ்சினை சுத்த வச்சு நல்லா புடிக்கும். மலை இறங்குற ஹைப்ரிட்காரங்க எல்லாரும் அந்த பி எங்க இருக்குன்னு முதல்ல தெரிஞ்சுக்கங்க. எலக்ட்ரிக் வண்டிக்கும் இதே கதைதான், ஊட்டில 100 சதவீதம் சார்ஜ் ஏத்திட்டு கெளம்பாதீங்க, கீழ வரும்போது சார்ஜ் போட இடமில்லாம போயிடும்.

கரூர்காரன்:
இவ்ளோ விஷயம் இருக்கும்னு நெனைக்கவே இல்ல. அப்போ ஆட்டோமேட்டிக் எடுக்கலாமா மேனுவலா? முதுகு வலி இருக்கு, கிளட்ச் அமுக்கி அமுக்கி முடியல.

கொடைரோடு_88:
ஆட்டோமேட்டிக்ல எது பாக்கறீங்கன்றது முக்கியம். ஏஎம்டி (மேனுவல் கியர்பாக்ஸையே மெஷின் மாத்துற ஆட்டோமேட்டிக்) ஏத்தத்துல கியர் மாத்தும்போது விட்டு விட்டு இழுக்கும், கொண்டை ஊசி நடுவுல கியர் மாத்துனா வண்டி ஒரு நொடி தொங்கும், மேனுவல் மோட்ல போட்டு நாமளே புடிச்சு வச்சுக்கணும். ட்ரை கிளட்ச் டிசிடி (ஆயில்ல முங்காத ரெண்டு கிளட்ச் வச்ச ஆட்டோமேட்டிக்) ஓடிக்கிட்டே இருந்தா பிரமாதம், ஆனா ஏத்தத்துல டிராஃபிக் ஜாம்ல நத்தை மாதிரி நகர்ந்தா கிளட்ச் சூடேறும், என் தம்பி வண்டில சீசன் ஜாம்ல வார்னிங் வந்து ஓரங்கட்டி ஆற வச்சோம். அந்த நேரத்துல ஆக்ஸிலேட்டர்லயே வண்டிய நிறுத்தி வைக்காம பிரேக் புடிச்சு நிக்கணும். டார்க் கன்வெர்ட்டர்தான் (கிளட்சுக்கு பதிலா ஆயில் வழியா பவரை கடத்துறது) மலைக்கு பேர் போனது, பிரெஸ்ஸாவுல அதுதான் வருது, 6 ஸ்பீடு.

நீலமலைவாசி:
ஆமா தம்பி. டார்க் கன்வெர்ட்டர்னா மெதுவா நகர்ந்தாலும் ஒண்ணும் ஆகாது. ஆனா எதுவா இருந்தாலும் 'டி'லயே விட்டுடாதீங்க, முன்னாடி வளைவு வருதுன்னு வண்டிக்கு தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். மேனுவல் மோட்ல செகண்டு, தேர்டுன்னு நீங்க சொல்லணும் அது கேக்கணும்.

டீசல்பிரியன்:
இவ்ளோ கஷ்டப்பட்டு கியர் போடுறதுக்கு பதிலா டீசல் எடுத்தா இதெல்லாம் தானா நடக்குமே. நான் இன்னும் டீசல் கட்சிதான். இறக்கத்துலயும் டீசல் எஞ்சின் நல்லாத்தான் புடிக்கும்.

ரோடுராஜா:
அவரு தினமும் ஓட்டறது 4 கிமீ ஜி, அதைப் பாக்கலியா. பிஎஸ்6 (பாரத் ஸ்டேஜ் 6 மாசு விதி) டீசல்ல புகைக்கரி புடிக்கிற ஃபில்டர் இருக்கு, டிபிஎஃப். அது தன்னைத்தானே எரிச்சு சுத்தம் பண்ணிக்க எஞ்சின் நல்லா சூடாகி ஒரே வேகத்துல கொஞ்ச நேரம் ஓடணும். 4 கிமீல எஞ்சின் சூடாகறதுக்குள்ள ஆபீஸ் வந்துடும். வாரா வாரம் ஹைவேல ஒரு ஓட்டம் விட்டாத்தான் தாங்கும், இல்ல லைட்டு எரியும், சர்வீஸ் சென்டருக்கு அலையணும். மலைக்கு போற நாள் எத்தனை, ஆபீஸ் போற நாள் எத்தனை.

டீசல்பிரியன்:
4 கிமீய நான் கவனிக்கல. அது நியாயம்தான். தினமும் 30, 40 கிமீ ஓடுற ஆளா இருந்தா டீசல்னு அடிச்சு சொல்லுவேன், இவருக்கு டர்போ பெட்ரோல் பாக்கலாம். 3எக்ஸ்ஓ 1.2 டர்போ 111 பிஎஸ் 200 என்எம், அதிலயும் டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக்தான் வருது. வாத்தியார் கணக்குப்படி 2000ல 57 பிஎஸ். அதுலயே டிஜிடிஐங்கிற பவர் கூடின டர்போ எஞ்சின் எடுத்தா 131 பிஎஸ் 230 என்எம்.

பிஸ்டன்_வாத்தி:
கணக்கு சரி. கரூர்காரரே, ரெண்டுல எதை எடுத்தாலும் மலை உங்களை தடுக்காது. 3எக்ஸ்ஓ டர்போல சத்தம் கம்மியா, காலை லேசா வச்சே போயிடலாம், அம்மாவுக்கும் நிம்மதி. ஆனா டர்போ பெட்ரோல் ஏத்தத்துல நல்லா குடிக்கும். பிரெஸ்ஸா எஞ்சின் எளிமையானது, ரொம்ப வருஷம் வச்சிக்கற ஆளுக்கு அது பெரிய பலம், சர்வீஸும் சுலபம். என் கைக்காசுன்னா நான் பிரெஸ்ஸா எடுத்து கியரை நானே பாத்துப்பேன். உங்க மனைவியும் மலைல ஓட்டுவாங்கன்னா, அவங்களுக்கு எது கைக்கு வசதியா இருக்குன்னு அவங்களையே ஓட்ட விட்டு கேளுங்க.

கரூர்காரன்:
அவங்க என்னை விட நல்லாவே ஓட்டுவாங்க, குன்னூர்ல ஓட்டிப் பழகுனவங்க. நீலமலைவாசி அண்ணன் சொன்னதை படிச்சுக் காட்டினேன், "இதைத்தான எங்கப்பா சொல்லிச் சொல்லி தந்தாரு"ன்னாங்க. டவுன்ல மட்டும் டெஸ்ட் டிரைவ் பண்ணி முடிவு பண்ண வேணாம்னு தோணுது. சேலம் டீலர்கிட்ட கேட்டு ஏற்காடு அடிவாரத்துல இருந்து நாலஞ்சு வளைவு ரெண்டு வண்டியும் ஓட்டிப் பாக்கலாம்னு இருக்கேன், விடுவாங்களா?

ரோடுராஜா:
கேட்டா விடுவாங்க, வாங்கற ஆளுன்னு தெரிஞ்சா இன்னும் நல்லா விடுவாங்க. ஆனா நீங்களும் சேல்ஸ்மேனும் மட்டும் போகாதீங்க. அம்மா, பசங்க எல்லாரையும் ஏத்திக்கிட்டு ஏசி போட்டு ஓட்டுங்க. காலி வண்டில எல்லா எஞ்சினும் நல்லாத்தான் இழுக்கும். ஒரு வளைவுக்கு நடுவுல வண்டிய முழுசா நிறுத்திட்டு மறுபடி எடுத்துப் பாருங்க, ஹில் ஹோல்ட் புடிக்குதா பின்னாடி உருளுதான்னு அப்ப தெரிஞ்சுடும்.

நீலமலைவாசி:
இறங்கும்போதும் ஓட்டுங்க தம்பி, ஏறிட்டு சாவிய சேல்ஸ்மேன்கிட்ட குடுத்துடாதீங்க. செகண்ட்ல போட்டு காலை எடுத்தா வண்டி எவ்ளோ புடிக்குதுன்னு பாருங்க. வண்டிக்கு வண்டி வித்தியாசம் இருக்கு. இன்னொண்ணு, குறுகலான இடத்துல ஏறுற வண்டிக்குத்தான் வழி விடணும், 2017 டிரைவிங் விதிலயே இருக்கு, இறங்குறவங்க நின்னு கொடுக்கணும். இப்ப வர்றவங்க பாதிப் பேருக்கு இது தெரியல.

மே மாசம் வந்தா ஏறுறது குன்னூர் வழி, இறங்குறது கோத்தகிரி வழின்னு ஒருவழி ஆக்கிடுவாங்க. மாமனார் வீட்டுக்குத்தான போறோம்னு இருக்காதீங்க, இ-பாஸ் போட்டுட்டு வாங்க, வெளியூர் நம்பர் வண்டின்னா 2024ல இருந்து கேக்குறாங்க.

கரூர்காரன்:
இ-பாஸ் போட்டுத்தான் அண்ணே போறோம். ஞாயித்துக்கிழமை ஏற்காடு, குடும்பத்தோட. ரெண்டு வண்டியும் ஓட்டிட்டு ஏறுறதுல எப்டி, இறங்குறதுல எப்டின்னு தனித்தனியா இங்கயே எழுதுறேன். பழைய வண்டிக்கு பிரேக் ஆயில் மாத்தி எவ்ளோ நாளாச்சுன்னு சர்வீஸ் புக்ல தேடினேன், எழுதவே இல்ல. நாளைக்கு காலைல முதல் வேலை அதுதான்.